டர்பனிலிருந்து திரைப்பட இசையமைப்பாளராவது எப்படி: தொடக்கநிலையினருக்கான செய்முறை

தென்னாப்பிரிக்கத் தமிழ் இளைஞர்கள் பலருக்கு இசையறிவு கோயிலிலேயே வந்துவிடுகிறது. காவடித் திருவிழாவின் தவிலையும் புரட்டாசிப் பஜனையின் ஆர்மோனியத்தையும் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தாளம் தனியே சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் பாட்டுக்கு மெட்டமைப்பதும் காட்சிக்குப் பின்னணி இசை எழுதுவதும் வெவ்வேறு வேலைகள். படத்தொகுப்பாளர் வெட்டிவைத்த நேரத்துக்குள் உணர்ச்சி எழுந்து, வளர்ந்து, அடங்கியாக வேண்டும். ஆகவே இத்தொழிலுக்கு வர விரும்புவோர் முதலில் பழக வேண்டியது நேரக்கணக்கு என்பது என் உறுதியான கருத்து.

முதற்படி, கருவிகளை ஆயத்தம் செய்வது. காணொளியைத் திறக்கக்கூடிய எந்த ஒலிப்பதிவு மென்பொருளும் போதும். 60 நாட்கள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்க இடம்தரும் ரீப்பர் என்னும் மென்பொருள் தொடக்கத்துக்கு ஏற்றது. ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்பதைக் குறிக்கும் மாதிரி வீதத்தை 48 கிலோஹெர்ட்ஸ் என்றும், ஒவ்வோர் அளவின் நுட்பத்தைக் குறிக்கும் பிட் ஆழத்தை 24 என்றும் வையுங்கள். படத்தின் பிரேம் வீதத்தை, அதாவது நொடிக்கு எத்தனை படச்சட்டங்கள் ஓடுகின்றன என்பதை, தொகுப்பாளரிடம் கேட்டு, அதையே மென்பொருளிலும் அமையுங்கள். தென்னாப்பிரிக்கத் தொலைக்காட்சிக்கு நொடிக்கு 25 பிரேம், திரையரங்குப் படங்களுக்குப் பெரும்பாலும் 24. இது பிசகினால் இயக்குநர் குறிப்பிடும் நேரக்குறியும் உங்கள் திரையில் காணும் நேரக்குறியும் ஒத்துப்போகா.

இரண்டாம் படியில், ஒரு நிமிடக் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, இசை எங்கே நுழைய வேண்டும், எங்கே விலக வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். இயக்குநருடன் அமர்ந்து செய்யும் இவ்வேலையை ஸ்பாட்டிங் என்பார்கள். ஒவ்வொரு நுழைவுக்கும் எதிரே அதன் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். காரணம் எழுத வராத இடத்தில் இசையை விட்டுவிடுங்கள். தொகுப்பின்போது தற்காலிகமாக ஒட்டப்பட்ட வேறொருவர் இசை காட்சியில் இருந்தால், அது இல்லாத பிரதியைக் கேட்டு வாங்குவது நல்லது, ஏனெனில் ஒருமுறை காதில் ஏறிய இசையை மீறி எழுதுவது கடினம்.

மூன்றாம் படிதான் இத்தொழிலின் உயிர்நாடி. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீடு. 12ஆம் நொடியில் தாய் கடிதத்தைப் பிரிக்கிறாள், 20ஆம் நொடியில் அது அவள் கையிலிருந்து நழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். இசை 12இல் தொடங்கி, 20இல் ஒரு சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் துடிப்பில், விழ வேண்டும். இடைவெளி 8 நொடி. 60ஐ நிமிடத்துக்கான துடிப்பு எண்ணால் வகுத்தால் ஒரு துடிப்பின் நீளம் கிடைக்கும். நிமிடத்துக்கு 120 என்றால் ஒரு துடிப்பு அரை நொடி. 8 நொடியில் 16 துடிப்புகள், அதாவது எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் சரியாக 2 ஆவர்த்தனம் (முழுச் சுற்று). அமைதியற்ற உணர்வு தேவையானால் 105ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது 14 துடிப்புகள் வரும், எண்ணிக்கை ஏழாகச் செல்லும் மிஸ்ர சாபு 2 ஆவர்த்தனத்தில் அதே இடத்தில் வந்து விழும். 75 என்றால் 10 துடிப்புகள், அது எண்ணிக்கை ஐந்தாகச் செல்லும் கண்ட சாபுக்குப் பொருந்தும். ஒரே காட்சிக்கு இம்மூன்றையும் எழுதி, படத்தோடு ஓட்டிப் பாருங்கள். தாயின் முகம் ஒவ்வொன்றிலும் வேறு பொருள் தருவதைக் கண்ணாரக் காண்பீர்கள்.

அடுத்து ஒலியின் நிறம். பேச்சின் தெளிவு பெரும்பாலும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைச் சார்ந்தது. நாதஸ்வரம் அந்தப் பகுதியில் மிகுந்த வீரியம் உடையதாகையால், உரையாடலின் அடியில் அதை வைத்தால் வசனம் மூழ்கிவிடும். செல்லோ போன்றவற்றின் தாழ்ந்த சுரங்கள் அங்கே அவ்வளவாக இடைஞ்சல் செய்யா. நம் மண்ணுக்கே உரிய இன்னொரு செல்வம் சூலு மக்களின் உமக்வேயானா. சுரைக்குடுக்கை கட்டிய அந்த ஒற்றைத் தந்தி வில், குடுக்கையை மார்போடு சேர்த்தும் விலக்கியும் வாசிக்கும்போது எழுப்பும் மெல்லிய மேற்சுரங்கள் தனிமைக் காட்சிகளுக்கு அருமையாகப் பொருந்தும். கணினியில் கிடைக்கும் முன்பதிவு செய்த மாதிரி ஒலிகளை நம்பியிராமல், வாசிக்கத் தெரிந்தவரைத் தேடிச் சென்று, உரிய ஊதியம் கொடுத்து, பயன்பாட்டு ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள்.

படங்களைத் தேடுவதற்கு டர்பன் வசதியான ஊர். 1979இல் தொடங்கிய டர்பன் சர்வதேசத் திரைப்பட விழாவும், 2010 முதல் அதையொட்டி நடக்கும் டர்பன் ஃபிலிம்மார்ட் என்னும் திரைப்படச் சந்தையும் இயக்குநர்களையும் தயாரிப்பாளர்களையும் ஓரிடத்தில் கூட்டுகின்றன. அதற்கு முன்பே, திரைப்படப் பள்ளி மாணவர்களின் குறும்படங்களுக்கு இசையமைத்துக் கொடுங்கள். மூன்று நல்ல காட்சிகள் கையில் இருந்தால் போதும், நீண்ட அறிமுகக் கடிதம் தேவைப்படாது.

இறுதியாக உரிமை. திறமையுள்ள நம்மவர் பலர் இதைப் பொருட்படுத்தாமலே ஆண்டுக்கணக்கில் உழைப்பதைக் காண மனம் வருந்துகிறது. தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்துச் செய்விக்கும் ஒலிப்பதிவின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாதபோது, அவரையே சேரும். ஆனால் நீங்கள் அவருடைய ஊழியராக இல்லாதவரை, இயற்றிய இசைப்படைப்பின் உரிமை உங்களிடமே இருக்கும். எனவே ஒப்பந்தத்தில் இவ்விரண்டும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். இசை பொதுவில் ஒலிக்கும்போதும் ஒளிபரப்பாகும்போதும் வரும் பொது நிகழ்த்துரிமைத் தொகைக்குச் சாம்ரோ என்னும் அமைப்பிலும், பிரதியெடுக்கும் உரிமைத் தொகைக்குக் கபாசோ என்னும் அமைப்பிலும் உறுப்பினராகுங்கள். படம் முடிந்ததும் கியூ ஷீட் என்னும் இசைப்பட்டியலைத் தயாரிப்பாளருடன் சேர்ந்து நிரப்புங்கள்: ஒவ்வொரு இசைத்துண்டின் பெயர், நீளம், இயற்றியவர், பங்கு விகிதம், அது பின்னணியில் ஒலிக்கிறதா காட்சிக்குள்ளேயே ஒலிக்கிறதா என்பன அதில் இடம்பெற வேண்டும். படம் ஒளிபரப்பாகும்போது எவருக்கு எவ்வளவு என்று பிரிப்பது இத்தாளைக் கொண்டுதான். ஆகவே படம் விழாவுக்கோ தொலைக்காட்சிக்கோ போகுமுன் அது சாம்ரோவுக்குச் சென்றுவிட்டதை உறுதிசெய்து, ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.