ஆஸ்பத்திரில வலிய எப்படி சமாளிக்கறது, முக்கியமா எப்படி வாய விட்டு சொல்றது

எனக்கு பித்தப்பை ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி நர்ஸ் வந்து "வலி பத்துக்கு எத்தன இருக்கு"ன்னு கேட்டாங்க, நான் நாலுன்னேன். உண்மைல ஏழு இருக்கும். ஏன் நாலுன்னு சொன்னேன்னு கேட்டா பதில் இல்ல, கம்மியா சொன்னா நல்ல பேஷண்ட்னு நெனப்பாங்கன்னு ஒரு நெனப்பு, பக்கத்து பெட்காரர் வேற முனகிட்டு இருந்தாரு, அவர பாக்கட்டும்னு ஒரு பெருந்தன்மை. நடுராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்துச்சு பாருங்க, வயிறு ஒரு பக்கம், அதோட வலது தோள்பட்டைல ஒரு புது வலி, சரி நெஞ்சுவலிதான், கத முடிஞ்சுதுன்னு வேர்த்து ஊத்தி பெல்ல விடாம அடிச்சேன்.

நர்ஸ் வந்து பிரஷர், நாடி எல்லாம் பாத்தாங்க, டியூட்டி டாக்டர கூப்பிட்டு காட்டினாங்க, அப்புறம் சாவகாசமா சொன்னாங்க: "சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு பண்ற லேப்ராஸ்கோப்பிக்கு வயித்துக்குள்ள கேஸ் ஏத்துவாங்கல்ல, அதுல மிச்சம் இருக்கறது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற உதரவிதானத்த உறுத்தும், அந்த நரம்பும் தோள்பட்டை நரம்பும் தண்டுவடத்துல ஒரே இடத்துக்குதான் போகுது, அதனால வலி தோள்ல தெரியும், ரெண்டு மூணு நாள்ல போயிடும்." சத்தியமா சொல்றேன், ஊசி போடறதுக்கு முன்னாடியே பாதி வலி இறங்கிடுச்சு. தோள் அதே தோள்தான், கேஸும் உள்ளயேதான் இருந்துச்சு, என்னன்னு தெரிஞ்சதுதான் வித்தியாசம்.

அதுக்கப்புறம் இத பத்தி நெறைய படிச்சேன், ஆபரேஷனுக்கு போறவங்களுக்கும் கூட இருக்கப்போறவங்களுக்கும் உதவும்னு எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, வலி காயத்துல இருந்து மூளைக்கு நேரா வயர் இழுத்த மாதிரி போறதில்ல. 1965ல மெல்ஸாக், வால்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க தண்டுவடத்துல ஒரு கதவு மாதிரி அமைப்பு இருக்குன்னு சொன்னாங்க, முட்டிய இடிச்சுக்கிட்டா நாம தானா தேய்க்கறோம்ல, அந்த தொடு உணர்ச்சி உள்ள வந்து கதவ கொஞ்சம் சாத்துது, மேல மூளைல இருந்து வர்ற உத்தரவும் கதவ தொறக்கும் மூடும். அவங்க போட்ட படத்துல அப்புறம் நெறைய திருத்தம் வந்துடுச்சு, ஆனா அடிப்படை அப்படியே நிக்குது. பயம், தூக்கமில்லாம கெடக்கறது, என்ன நடக்குதுன்னே தெரியாம மேல பாத்துட்டு படுத்திருக்கறது எல்லாம் கதவ தொறந்து விடும். இத சொன்னா "அப்ப என் வலி மனப்பிரமையா"ன்னு சில பேருக்கு கோவம் வரும். இல்லங்க. 1978ல பல்லு புடுங்கினவங்களுக்கு மருந்தே இல்லாத ஊசி போட்டு பாத்தாங்க, சில பேருக்கு நெஜமாவே வலி கொறஞ்சுது, அப்புறம் மார்ஃபின்ங்கற வீரியமான வலி மருந்தோட வேலைய தடுக்கற நலாக்ஸோன்ங்கற மருந்த குடுத்ததும் அவங்களுக்கு வலி திரும்ப ஏறிடுச்சு. அதாவது நம்பிக்கை வந்ததும் ஒடம்பே சொந்தமா வலி மருந்த சுரந்திருக்கு. மனசு ஒடம்புக்கு வெளிலயா இருக்கு?

சரி, இப்ப என்ன பண்ணணும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க டாக்டர் வருவாரு, நாலு கேள்வி கேட்டு கையெழுத்து வாங்கிட்டு கிளம்பிடுவாரு, அவர விடாதீங்க. எழுந்ததும் எங்க வலிக்கும், எந்த மாதிரி வலிக்கும், எந்த நாள்ல உச்சம், எப்ப இறங்கும், எது வந்தா சாதாரணம், எது வந்தா ஒடனே பெல் அடிக்கணும், மருந்து அவங்களா குடுப்பாங்களா நான் கேக்கணுமா, இதெல்லாம் கேளுங்க, பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டு கேட்டாலும் தப்பில்ல. 1964ல வெளியான ஒரு ஆய்வுல வயித்து ஆபரேஷன் பண்ண 97 பேர்ல பாதி பேருக்கு இத முன்னாடியே சொல்லி, தசைய எப்படி தளர்த்தணும், படுக்கைல எப்படி திரும்பணும்னும் காட்டிக் குடுத்தாங்க, அவங்களுக்கு வலி மருந்து ஏறக்கொறைய பாதிதான் தேவைப்பட்டுச்சு, வீட்டுக்கும் சீக்கிரம் போனாங்க. என் தோள்பட்டை விஷயத்த யாராவது ரெண்டு நிமிஷம் முன்னாடியே சொல்லியிருந்தா அன்னிக்கு ஒரு வார்டே நிம்மதியா தூங்கியிருக்கும்.

அடுத்து அந்த பத்துக்கு எத்தன கேள்வி. அது பரீட்சை மார்க் கெடையாது, கம்மியா வாங்கினா பரிசும் கெடையாது, அத வெச்சுதான் மருந்தோட அளவு முடிவாகுது. ஆனா வெறும் நம்பர் மட்டும் சொன்னா பாதி விஷயம்தான் போகும். அசையாம படுத்திருந்தா எத்தன, இருமினா எத்தன, எழுந்து நின்னா எத்தனன்னு பிரிச்சு சொல்லுங்க. அப்புறம் வலியோட குணத்த சொல்லுங்க, இதுக்கு நம்ம தமிழ விட வசதியான பாஷை வேணுமா. விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, சுருக்குன்னு குத்துது, திகுதிகுன்னு எரியுது, கடுக்குது, பிசையுது, இழுத்து புடிக்குது, பாரமா அழுத்துது, மரத்துப்போய் ஷாக் அடிக்கற மாதிரி இருக்கு, ஒவ்வொண்ணும் டாக்டருக்கு வேற வேற துப்பு. எரிச்சலும் ஷாக்கும் நரம்பு பக்கம் பாக்க வைக்கும், அதுக்கு மருந்தே வேறயா இருக்கலாம், விண்ணு விண்ணுன்னு தெறிச்சு காயமும் சூடா செவந்திருந்தா சீழ் பிடிக்குதான்னு பாப்பாங்க. "ரொம்ப வலிக்குது டாக்டர்"னு மட்டும் சொன்னா அவரு என்னதான் கண்டுபிடிப்பாரு பாவம். மறுநாள் காலைல நான் "படுத்தா மூணு, எழுந்தா ஏழு, தொப்புள் பக்கம் இழுத்து புடிக்குது"ன்னு சொன்னேன், நர்ஸ் எழுதிக்கிட்டாங்க, 10 மணிக்கு நடக்க வைக்கறதுக்கு முன்னாடி 9.15க்கே மாத்திரை வந்துடுச்சு.

அந்த நேரக்கணக்குதான் முக்கியம். வலி ஏறி உக்காந்தப்புறம் அத எறக்கறது கஷ்டம், ஏறும்போதே புடிச்சிடணும், அதனால டிரெஸ்ஸிங் மாத்தறது, பிசியோ, நடக்கறது இதுக்கெல்லாம் எவ்ளோ முன்னாடி மருந்து போடணும்னு கேட்டு வெச்சுக்கோங்க. பல்ல கடிச்சுக்கிட்டு தாங்கறதுல வீரமே இல்லங்க, வலிக்கு பயந்து ஆழமா மூச்சு விடாம இருமாம இருந்தா நெஞ்சுல சளி கட்டும், நடக்காம கெடந்தா கால்ல ரத்தம் ஒறையும். வயித்துல தையல் இருந்தா இருமும்போது தலகாணிய வயித்தோட அமுக்கி புடிச்சுக்கோங்க, சின்ன விஷயம்தான், பெரிய உதவி. அடிமையாயிடுவோமோன்னு மருந்த வேணாம்னு சொல்றவங்க நெறைய பேரு, டாக்டர் மேற்பார்வைல சில நாள் போடறதுக்கு அந்த பயம் பெருசா வேணாம், முன்னாடி குடியோ போதைப் பழக்கமோ இருந்திருந்தா மட்டும் மறைக்காம சொல்லிடுங்க. பேஷண்டே பட்டன அமுக்கி மருந்து ஏத்திக்கற மிஷின் குடுத்திருந்தா அத பேஷண்ட் மட்டும்தான் அமுக்கணும், தூங்கறாரே பாவம்னு கூட இருக்கறவங்க அமுக்கிடாதீங்க, மருந்து அதிகமானா மூச்சே கொறஞ்சிடும்.

கூட இருக்கறவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை, ஏன்னா பாதி வைத்தியம் உங்க வாய்லதான் இருக்கு. 2010ல பிரசவ வலிக்கு முதுகுல ஊசி போடப்போற பெண்கள்ல ஒரு பாதி பேருகிட்ட பெரிய தேனீ கொட்டற மாதிரி இருக்கும், இதுதான் ரொம்ப மோசமான கட்டம்னாங்க, இன்னொரு பாதிகிட்ட அந்த எடம் மரத்துடும், சௌகரியமா இருக்கும்னாங்க, மருந்து ஒண்ணுதான், தேனீ கேட்டவங்களுக்கு வலி அதிகமா இருந்துச்சு. அதுக்காக "வலிக்கவே வலிக்காது"ன்னு பொய்யும் சொல்லாதீங்க, கொழந்தைங்க ஒரு தடவ ஏமாந்தா அடுத்த ஊசிக்கு கட்டில விட்டே எறங்காது. "கொஞ்ச நேரம் சுருக்குன்னு இருக்கும், நான் கைய புடிச்சுக்கறேன், மெதுவா ஊது"ன்னா போதும். "இன்னும் வலிக்குதா"ன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கேக்காதீங்க, கவனம் மறுபடி அங்கயே போய் நிக்கும். மருந்து போட வரும்போது "பாரு, வலிக்குதான் போடறாங்க"ன்னு சொல்லுங்க, தெரியாம போட்டத விட தெரிஞ்சு போட்டா அதே மருந்து நல்லா கேக்குது, இதையும் சோதிச்சு பாத்திருக்காங்க. ஜன்னல் பக்கம் பெட் கெடச்சா விடாதீங்க, என் மாதிரியே பித்தப்பை எடுத்தவங்கள வெச்சு 1984ல வந்த ஆய்வுல, செங்கல் சுவர பாத்து படுத்திருந்தவங்கள விட மரத்த பாத்து படுத்திருந்தவங்களுக்கு வீரியமான வலி மருந்து கம்மியாதான் தேவைப்பட்டிருக்கு. எனக்கு கெடச்சது கதவோர பெட், வர்றவன் போறவன் எல்லாம் இடிச்சுட்டு போனான், அது வேற கத.

வலியான வேலை எதுனாலும் அதோட கடைசி நிமிஷத்த மென்மையா முடிக்க சொல்லுங்க. குடல்ல கேமரா விட்டு பாக்கற டெஸ்ட்ட வெச்சு 1996ல ஒரு ஆய்வு வந்துச்சு, வலி எவ்ளோ நேரம் நீடிச்சுதுங்கறத விட உச்சத்துல எவ்ளோ இருந்துச்சு, கடைசில எவ்ளோ இருந்துச்சுங்கறதுதான் நெனப்புல நிக்குதுன்னு. டிரெஸ்ஸிங்ல ஒட்டிக்கிட்ட பஞ்ச மொதல்ல எடுத்துட்டு, துடைச்சு புதுசு சுத்தறத கடைசில அவசரப்படாம பண்ணா அடுத்த நாள் டிரேய பாத்ததும் ஒடம்பு நடுங்கறது கொறையும்.

இதெல்லாம் காரணம் தெரிஞ்ச வலிக்குதான். திடீர்னு ஏறினா, இடம் மாறினா, மருந்துக்கு அடங்கவே இல்லன்னா, கூட ஜுரமோ மூச்சு திணறலோ நெஞ்சு அழுத்தமோ இருந்தா, இல்ல ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா, நானா ஒரு காரணம் கற்பிச்சுக்கிட்டு படுத்திருக்கக் கூடாது, பெல்தான். அன்னிக்கு என் தோள்பட்டைய கேஸ்னு முடிவு பண்ணது கூட அவங்க செக் பண்ணதுக்கு அப்புறம்தான். டிஸ்சார்ஜ் அன்னிக்கு எல்லாரும் பில்லு பின்னாடி ஓடுவாங்க, நீங்க மட்டும் ஒரு பேப்பர நீட்டி எந்த மாத்திரை எத்தன மணிக்கு, எத்தன நாளைக்கு, அப்புறம் எப்படி கொறைக்கணும், ராத்திரி வலி ஏறினா எந்த நம்பருக்கு கூப்பிடணும்னு எழுதி வாங்கிக்கிட்டு அப்புறம் வண்டி ஏறுங்க.