வீட்டுக் கணினியில் டிரைவர்களைப் புதுப்பிக்கும் முறை

கணினியின் திரை, ஒலி, வைஃபை, பிரின்டர் ஆகியவற்றுக்கும் விண்டோஸுக்கும் இடையே நின்று ஒன்றின் கட்டளையை மற்றொன்றுக்குப் புரியவைக்கும் மென்பொருளை டிரைவர் என்கிறோம்; இயக்கி என்று எழுதுவோரும் உண்டு. நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் பாகத்தின் டிரைவரை, புதியது வந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக மாற்ற வேண்டியதில்லை. ஒலி விட்டுவிட்டுக் கேட்பது, வைஃபை அடிக்கடி அறுந்துபோவது, புதிதாக வாங்கிய விளையாட்டு ஓடுவதற்குக் கிராபிக்ஸ் டிரைவரின் பிந்தைய பதிப்பு தேவைப்படுவது, தயாரிப்பாளர் ஒரு பாதுகாப்புக் குறையைச் சரிசெய்து வெளியிடுவது ஆகியவை மாற்றுவதற்குப் போதுமான காரணங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் திரும்பி வருவதற்கான வழியை அமைத்துக்கொள்ள வேண்டும். தேடல் பெட்டியில் 'கிரியேட் எ ரெஸ்டோர் பாயிண்ட்' என்று தேடித் திறந்தால் சிஸ்டம் புரொடெக்ஷன் பகுதி வரும். பல கணினிகளில் இந்தப் பாதுகாப்பு அணைந்தே கிடக்கும் என்பதால், சி டிரைவைத் தேர்ந்தெடுத்து, 'கான்ஃபிகர்' வழியாக அதை இயக்கிய பிறகே 'கிரியேட்' பொத்தானை அழுத்த வேண்டும். இதற்குச் சில நிமிடங்களே ஆகும்; ஆனால் பின்னால் ஒரு நாள் முழுவதும் அலைவதை இது தவிர்க்கும்.

அடுத்து, ஸ்டார்ட் பொத்தானில் வலது சொடுக்கு செய்து கணினியின் பாகங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறக்கவும். மஞ்சள் முக்கோணம் இட்ட வரி இருந்தால் அதில்தான் கோளாறு. அதன் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் தெரியும் எண்ணைக் கவனிக்க வேண்டும்: 28 என்றால் டிரைவரே நிறுவப்படவில்லை, 10 என்றால் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை, 43 என்றால் சாதனம் சிக்கலைத் தெரிவித்ததால் விண்டோஸே அதை நிறுத்திவிட்டது. கடைசி எண் வந்தால் பாகமே பழுதாகியிருக்கவும் கூடும். அப்போது டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இராது. பெயரே தெரியாத சாதனமாக இருந்தால், 'டீடெய்ல்ஸ்' பகுதியில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, தயாரிப்பாளரைக் குறிக்கும் 'வென்' (VEN) எனத் தொடங்கும் குறியீட்டைப் பார்க்கலாம். அதையடுத்து 8086 என்றிருந்தால் இன்டெல், 1002 என்றிருந்தால் ஏஎம்டி. 1978இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற சிப்பின் எண்ணையே இன்டெல் தன் அடையாளமாக வைத்திருக்கிறது.

டிரைவரின் தேதியைப் பார்த்து மட்டும் அவசரப்பட்டுவிடக் கூடாது. விண்டோஸுடன் சேர்ந்தே வரும் மைக்ரோசாஃப்ட் டிரைவர்கள் பலவற்றில் 2006 ஜூன் 21 என்ற தேதியே காணப்படும்; தயாரிப்பாளர் தரும் டிரைவர் எப்போதும் பிந்தைய தேதியுடையதாக இருந்து முன்னுரிமை பெறட்டும் என்பதற்காக வேண்டுமென்றே இட்ட தேதி அது. இன்டெல் சிப்செட் (மதர்போர்டில் பாகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் சிப்புகள்) டிரைவர்கள் சிலவற்றில் 1968 ஜூலை 18 என்றுகூட இருக்கும். அது அந்நிறுவனம் தொடங்கப்பட்ட நாள். இவற்றைக் கண்டு டிரைவர் பழசாகிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

புதிய டிரைவரை முதலில் தேட வேண்டிய இடம், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதனுள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதனுள் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்'. அங்கே கிடைக்காவிட்டால், மடிக்கணினிக்கு அதைத் தயாரித்த நிறுவனத்தின் உதவித் தளத்துக்குச் சென்று, அடிப்பக்கத்தில் ஒட்டியுள்ள மாடல் எண்ணையோ வரிசை எண்ணையோ கொடுத்துத் தேட வேண்டும். மேசைக் கணினியாக இருந்தால் பாகங்கள் எல்லாம் பொருத்தப்பட்டிருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டின் மாடல் தேவைப்படும். 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் 'பேஸ்போர்டு ப்ராடக்ட்' என்ற வரியில் அது இருக்கும். தனியாக வாங்கிப் பொருத்திய கிராபிக்ஸ் கார்டுக்கு என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகியவற்றின் சொந்தத் தளங்களே போதும். டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, சிறந்த டிரைவர் ஏற்கெனவே உள்ளது என்ற பதில் வந்தால், தயாரிப்பாளரிடமும் புதியது இல்லை என்று அதற்குப் பொருளில்லை.

எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. உறவினர் ஒருவரின் மடிக்கணினியில் அப்படி ஒன்று பொருத்தமில்லாத வைஃபை டிரைவரை நிறுவிவிட்டது. இணையம் போய்விட்டதால், சரியானதைப் பதிவிறக்கவும் வழியில்லாமல் அவர் தவித்தார். கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, அதில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கி இணையம் கொடுத்த பிறகே சரிசெய்ய முடிந்தது. ஆகவே வைஃபை டிரைவரை மாற்றும் முன், இப்போதுள்ள பதிப்பையும் பதிவிறக்கி ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நிறுவும்போது ஒரு நேரத்தில் ஒரு டிரைவரை மட்டும் மாற்றி, கணினியை மறுதொடக்கம் செய்து, ஓரிரு நாள் பயன்படுத்திப் பார்த்த பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். நான்கை ஒன்றாக மாற்றிவிட்டால் கோளாறுக்கு எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. மடிக்கணினி மின் இணைப்பில் இருக்கட்டும். கிராபிக்ஸ் டிரைவர் நிறுவப்படும்போது திரை சில நொடிகள் கறுத்து மீள்வது இயல்பு என்பதால், பதறிப்போய்க் கணினியை அணைத்துவிடக் கூடாது.

புதிய டிரைவர் ஒத்துவராவிட்டால், டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் 'டிரைவர்' பகுதியில் உள்ள 'ரோல் பேக் டிரைவர்' பொத்தான் முந்தைய பதிப்பை மீட்டுத் தரும். பழைய பதிப்பு வட்டில் இருந்தால் மட்டுமே அந்தப் பொத்தான் இயங்கும். திரையே சரியாக வராத நிலையில், உள்நுழையும் திரையில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே 'ரீஸ்டார்ட்' கொடுத்து, 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாகச் சென்றால், மிக அவசியமான டிரைவர்களோடு மட்டும் விண்டோஸைத் தொடங்கும் சேஃப் மோடுக்கான 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', 'சிஸ்டம் ரெஸ்டோர்' இரண்டும் அங்கே இருக்கும். வட்டு, விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அந்த இடத்தில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கணினி கேட்கலாம். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேலையைத் தொடங்கும் முன்பே கைப்பேசியில் அந்தக் கணக்கைத் திறந்து, எண் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.