யாக்யூ வாள் பள்ளியின் ஆசிரியர் வரிசை: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் பழைய வாள் பள்ளி ஒன்றைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால், ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்ததும் கை தானாக ‘வம்சம்’ என்று எழுதிவிடும். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அந்த ஒரு சொல் விழுந்ததும் பின்னால் வருவதெல்லாம் கோணலாகிவிடுகிறது. யாக்யூ ஷின்காகே ரியூ என்ற புகழ்பெற்ற பள்ளியை எடுத்துக்கொண்டு, எங்கெல்லாம் வழுக்குகிறோம் என்று பார்க்கலாம். ‘ரியூ’ என்றால் ஓட்டம், நீரோட்டம் என்று பொருள். அந்த நீர் எந்த வாய்க்கால் வழியாகப் போனது என்று காட்டுவதுதான் ஆசிரியர் வரிசை. யாருக்கு யார் பிள்ளை என்பது அதில் சில இடங்களில் மட்டும் பொருந்தி வரும் செய்தி.

பள்ளியின் பெயரில் யாக்யூ இருப்பதால் அதை நிறுவியவரும் யாக்யூ குடும்பத்தவர் என்று நினைப்பது முதல் தவறு. வரிசையின் முதல் பெயர் கமிஇசுமி நோபுட்சுனா. இன்றைய குன்மா மாநிலப் பகுதியைச் சேர்ந்தவர், 16ஆம் நூற்றாண்டின் போர்வீரர். காகே ரியூ என்ற முந்தைய பள்ளியின் கலையைக் கற்று, அதிலிருந்து ஷின்காகே ரியூவை உருவாக்கினார். 1563இல் அவர் நாரா பகுதிக்கு வந்தபோது, ஈட்டிக்குப் பெயர்பெற்ற ஹோசோயின் மடத்துத் துறவி இன்எய் வழியாக யாக்யூ முனேயோஷியைச் சந்தித்தார். முனேயோஷி அப்போதே அந்த வட்டாரத்தில் பேர் பெற்ற வாள்வீரர், சொந்தக் கோட்டை உடைய சிறு தலைவர். போட்டியில் தோற்றார், தோற்றதும் மாணவராகச் சேர்ந்துவிட்டார். 1565இல் ஆசிரியரிடமிருந்து தேர்ச்சிச் சான்று பெற்றார். முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையே இரத்த உறவு எதுவும் இல்லை.

அடுத்த தவறுதான் மிகப் பெரியது, மிகப் பரவலானதும் அதுதான்: புகழை வைத்து வரிசையை நிரப்புவது. 1594இல் கியோட்டோவுக்கு அருகில் தகாகமினேயில், பின்னாளில் ஜப்பானின் ஆட்சியைப் பிடித்த தொகுகவா இயேயாசுவின் முன்னால் முனேயோஷி தம் கலையைக் காட்டினார். மரவாளுடன் வந்த இயேயாசுவை வெறுங்கையோடு எதிர்கொண்டார் என்று சொல்லப்படுகிறது. தம்மிடம் பணியாற்ற இயேயாசு அழைத்தபோது, வயதைக் காரணம் காட்டி, மகன் முனேநோரியை அனுப்பிவைத்தார். அந்த முனேநோரி பின்னாளில் ஷோகுன்கள் (நாட்டை ஆண்ட படைத்தலைவர்கள்) ஹிதேதாதாவுக்கும் இயேமிட்சுவுக்கும் வாள் ஆசிரியரானார். 1632இல் ‘ஹேய்ஹோ கதென்ஷோ’ என்ற நூலை எழுதினார். 1636இல் 10,000 கோகு (அரிசியை அளக்கும் பழைய அளவு) வருவாயுள்ள சிற்றரசராகவும் உயர்ந்தார். இவ்வளவு பெருமை உள்ளவர் மூன்றாவது தலைவராக இல்லாமல் வேறு யார் இருக்க முடியும் என்று தோன்றும்.

ஆனால் ஓவாரி (நகோயாவைச் சுற்றிய பகுதியின் பழைய பெயர்) கிளை வைத்திருக்கும் வரிசையில் மூன்றாவது பெயர் முனேநோரி அல்ல. முனேயோஷியின் பேரன் ஹியோகோநோசுகே தோஷியோஷி. முனேயோஷியின் மூத்த மகன் போரில் காயப்பட்டு உடல் முடங்கியவர். அவருடைய பிள்ளையைத் தாத்தாவே தம் பக்கத்தில் வைத்துப் பயிற்றுவித்து, பள்ளியின் ஓலைகளையும் சான்றுகளையும் அவர் கையில் கொடுத்தார். (ஓலை என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அவை காகிதச் சுருள்கள்.) 1615இல் ஹியோகோநோசுகே ஓவாரி அரசர் தொகுகவா யோஷினாவோவிடம் பணியில் சேர்ந்தார். சித்தப்பா முனேநோரி எடோ (இன்றைய டோக்கியோ) நகரில், அண்ணன் மகன் நகோயாவில். இருவருமே முனேயோஷியிடம் கற்ற முழுமையான ஆசிரியர்கள். ஆகவே எழுதும்போது ‘எடோ யாக்யூ’, ‘ஓவாரி யாக்யூ’ என்று கிளையைச் சொல்லிவிட்டு எண்ணைப் போட வேண்டும். ‘மூன்றாம் தலைவர்’ என்று மட்டும் எழுதினால், எந்த வரிசையில் மூன்றாவது என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கும். ஒரு கிளையை அசல் என்றும் மற்றதைப் போலி என்றும் எழுதுவதோ இருவருக்குமே அநியாயம்.

ஓவாரி வரிசையில் நான்காவது பெயரைப் பார்த்ததும் பலர் தடுமாறுகிறார்கள். அங்கே இருப்பவர் அரசர் யோஷினாவோவேதான். இதை மரியாதைக்காகச் சேர்த்த பெயர் என்று எண்ணி நீக்கிவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் வரிசையின் உயிரே போய்விடும். இயேயாசுவின் மகனான அவர் ஹியோகோநோசுகேயிடம் முறையாகக் கற்று, மரபை ஏற்றுக்கொண்டவர். ஐந்தாவது இடம் ஹியோகோநோசுகேயின் மகன் ரென்யாவுக்கு வருகிறது. ஆறாவது மறுபடியும் அரச குடும்பத்துக்கு, யோஷினாவோவின் மகன் மிட்சுதோமோவுக்கு. ஆசிரியர் வீடும் ஆள்பவர் வீடும் ஒரே பொறுப்பை மாறி மாறிச் சுமந்திருக்கின்றன. எனக்கு இந்த வரிசையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ‘வம்சம்’ என்று எழுதியவரால் இதை விளக்கவே முடியாது.

ஒரே நேர்க்கோடாக வரைவதும் தவறுதான். கமிஇசுமிக்கு முனேயோஷி மட்டும் மாணவர் அல்லர். கியூஷூவைச் சேர்ந்த மருமே குராண்டோ அவரிடம் கற்றுப் பின்னர் டைஷா ரியூ என்ற தனிப் பள்ளியைத் தொடங்கினார். ஹிகிதா புங்கோரோவின் வழியிலும் ஒரு தனி மரபு கிளைத்தது. முழுத் தேர்ச்சிச் சான்று பெற்றவர் தம் பெயரில் மாணவர்களைச் சேர்க்கலாம், சான்று வழங்கலாம், புதுப் பெயரில் பள்ளியும் அமைக்கலாம் என்பது அக்காலத்து வாள் பள்ளிகளில் பரவலாக இருந்த நடைமுறை. ஆகவே ‘கமிஇசுமியின் ஒரே உண்மையான வாரிசு’ என்று யாரையாவது அறிமுகப்படுத்தும் வாக்கியத்தைக் கண்டால், அந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

பெயர்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஜப்பானியர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவார்கள். யாக்யூ என்பது குடும்பப் பெயர், அவர்கள் வாழ்ந்த ஊரின் பெயரும் அதுவே. அதற்கு மேல் ஒருவருக்கே வாழ்நாளில் பல பெயர்கள். முனேயோஷி தலைமழித்துத் துறவுக்கோலம் பூண்ட பிறகு செகிஷூசாய் ஆனார்; இருவரும் வெவ்வேறு ஆட்கள் என்று நினைத்து வரிசையில் ஓர் எண்ணைக் கூட்டிவிடக் கூடாது. நோபுட்சுனாவும் முன்பு ஹிதேட்சுனா என்று அழைக்கப்பட்டவர். இன்னொரு சிக்கல், முனேயோஷி, தோஷியோஷி ஆகிய இரு பெயர்களின் கடைசி எழுத்தும் (சீனத்திலிருந்து வந்த எழுத்து) ஒன்றே. அதை ‘யோஷி’ என்றும் படிக்கலாம், ‘தோஷி’ என்றும் படிக்கலாம். அதனால் ஒரு நூலில் முனேதோஷி, இன்னொன்றில் முனேயோஷி. பேரனோ சில இடங்களில் தோஷிதோஷி. ஒரு கட்டுரைக்குள் ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொண்டு, மற்ற வடிவத்தை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

இவர்களில் யாருக்கும் ‘எத்தனையாவது டான்’ (கறுப்புப் பட்டைத் தரம்) என்று கேட்க இடமில்லை. டான் தரவரிசையைப் போர்க்கலைக்குள் கொண்டுவந்தவர் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ, அதுவும் 1883இல். பழைய பள்ளிகள் கற்றவற்றின் பட்டியலையும், பிறகு உரிமச் சான்றையும் எழுதிக் கொடுத்தன. அந்தத் தாள்களே வரிசைக்குச் சாட்சி.

நாவலிலும் திரைப்படத்திலும் வரும் ஒற்றைக்கண் வீரர் ஜூபேயை வரிசைக்குள் இழுத்துவருவதும் வழக்கமாக நடக்கிறது. ஜூபே மிட்சுயோஷி உண்மையான மனிதர்தான். முனேநோரியின் மூத்த மகன், 1650இல் இறந்தவர். அவருடையது என்று கருதப்படும் ஓவியத்தில் இரண்டு கண்களும் நன்றாகவே இருக்கின்றன. அவருக்கு உரிய இடம் எடோ கிளையில்தான்.

கடைசியாக, ‘450 ஆண்டுகளாகச் சிறிதும் மாறாமல்’ என்ற தொடர். பாராட்டாக எழுதப்படும் இது அந்த ஆசிரியர்களின் உழைப்பையே மறைத்துவிடுகிறது. வாளில்லாத ஒருவன் வாளை எப்படி எதிர்கொள்வது என்ற கேள்வியைக் கமிஇசுமி விடையில்லாமல் முனேயோஷியிடம் விட்டுச்சென்றார் என்பது பள்ளியின் நினைவு. தகாகமினேயில் இயேயாசு கண்டது அந்த விடையைத்தான். பேரன் காலத்தில் போர்கள் ஓய்ந்தன. கவசத்தின் கனத்தைத் தாங்க உடலைத் தாழ்த்தி நிற்கும் பழைய நிலை, சாதாரண உடையில் நடமாடுபவனுக்குப் பொருந்தவில்லை. ஹியோகோநோசுகே உடலை நிமிர்த்தி, இயல்பாக நின்று வாள் வீசும் முறைக்குப் பள்ளியை மாற்றி அமைத்தார். ஓவாரி கிளையின் அடையாளமாக அந்த நிமிர்ந்த நிலை இன்றும் கற்பிக்கப்படுகிறது.