பேஸ்மேக்கர் வைத்த பிள்ளையின் நாடியை வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

இதயத்தின் மேலறையில் உண்டாகும் மின்துடிப்பு கீழறைக்குப் போகாமல் தடைபடுவதைத்தான் ஹார்ட் பிளாக் என்கிறார்கள். அதற்காக உடலுக்குள் வைக்கும் சின்ன மின்கருவிதான் பேஸ்மேக்கர், துடிப்பு குறைந்தால் அது தானே இதயத்தைத் தூண்டும். சும்மா எந்நேரமும் அடித்துக்கொண்டிருக்காது.

முதலில் கிளினிக்கில், கருவியின் ஆகக் குறைந்த வேகம் (நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு) எவ்வளவு என்று கேட்டு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இது பிள்ளைக்குப் பிள்ளை மாறும், சில கருவிகளில் தூங்கும்போது இன்னும் குறைத்தும் வைப்பார்கள்.

இனி நாடி. லயத்துப் படிகளில் ஓடி வந்த பிள்ளையை உடனே பிடித்துப் பார்க்காதீர்கள், கொஞ்ச நேரம் உட்காரட்டும். உள்ளங்கையை மேலே திருப்பி, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். உங்கள் கட்டைவிரலை வைக்க வேண்டாம், அதிலேயே ஒரு துடிப்பு இருக்கிறது, குழப்பும். கைக்குழந்தை என்றால் மேல்கையின் உட்பக்கம். முழுதாக 60 விநாடி எண்ணுங்கள்.

எழுதி வைத்த எண்ணைவிடக் குறைவா? மறுபடி எண்ணுங்கள். அப்படியே இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் எண்ணவே நிற்காமல் 1990க்கு அடியுங்கள். அதுதான் இலங்கையின் சுவசெரிய அம்புலன்ஸ், அதற்குக் காசில்லை, ஆனால் எங்கள் தோட்டத்து ரோட்டுக்கு அது ஏறிவர நேரமெடுக்கும், அதனால் சந்திவரை கொண்டுவர ஒரு ஓட்டோக்காரரின் நம்பரும் கையில் இருக்கட்டும்.

கருவி வைத்த இடம் சிவந்தாலோ வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ கசாயத்தோடு நிறுத்தாமல் காட்டுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கருவி பெரும்பாலும் வயிற்றில் இருக்கும், பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஆயம்மாவுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.