கெய்ரோ படத்தில் தாத்தாவின் பக்கத்தில் நிற்கும் சிப்பாய் யார்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ் வீடுகளின் பழைய ஆல்பங்களில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காக்கிச் சட்டையோடு இருவர் நிற்கும் படம் அகப்படுவதுண்டு. ஒருவர் தாத்தா, மற்றவர் இந்தியாவிலிருந்து வந்த சொந்தக்காரர், லீவில் சந்தித்தார்கள் என்பார்கள். சந்திப்பு டர்பனில்தான் நடந்தது என்றால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். இந்தியப் படைகள் பம்பாயிலோ கராச்சியிலோ கப்பலேறி, செங்கடல் வழியாக சூயஸுக்குப் போயின. இருவருக்கும் பொதுவான இடம் எகிப்து. 1942 ஜூன் 21இல் பக்கத்து லிபியாவின் டோப்ருக் வீழ்ந்தபோது தென்னாப்பிரிக்க 2ஆம் டிவிஷனும் இந்திய 11ஆம் பிரிகேடும் சேர்ந்தே சிறைப்பட்டன.

படத்தை ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள். பசை ஒட்டியிருந்தால் பக்கத்தோடு சேர்த்தே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். கழன்று வருவதென்றால் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை ஊரைச் சொல்லிவிடும். யார் எந்தப் படை என்பதற்குத் தொப்பி, தோள்பட்டை எழுத்து இரண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பில்லாத உயரமான கருநீலத் தலைப்பாகை என்றால் மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது இந்திய ராணுவத்தின் பொறியாளர் படை. தென்னாப்பிரிக்க இந்தியர்கள் இருந்த இந்தியன் அண்ட் மலாய் கோர், டிரைவர், சமையல், ஸ்ட்ரெச்சர் தூக்கும் வேலைக்கானது, ஆயுதம் தரப்படவில்லை. ஆகவே துப்பாக்கியோடு நிற்பவர் பெரும்பாலும் இந்தியக்காரர்தான்.

அடுத்து எண். தாத்தாவின் மெடல்களில் அவருடைய படை எண் பொறிக்கப்பட்டிருக்கும். தென்னாப்பிரிக்கா வழங்கிய இரண்டாம் உலகப் போர் மெடல்களில் இது வழக்கம். அதை எழுதி, உறவுக்கான சான்றோடு பிரிட்டோரியாவிலுள்ள ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு விண்ணப்பியுங்கள். எந்த மாதம் எங்கே இருந்தார், எப்போது லீவு என்பது அவருடைய பணிக்குறிப்பில் தெரியக்கூடும்.

சிக்கல் இந்தியப் பக்கத்தில்தான். இங்கே கோவேந்தர், நாயுடு, பிள்ளை, மூட்லி என்று குடும்பப் பெயர் நிலைத்துவிட்டது. அங்கே சிப்பாய் தன் பெயரோடு தகப்பன் பெயரைத்தான் கொடுத்திருப்பார். குடும்பப் பெயரை வைத்துத் தேடினால் பெரும்பாலும் எதுவும் சிக்காது. ஊரைப் பிடியுங்கள். தாத்தாவின் தகப்பனோ பாட்டனோ 1860க்கும் 1911க்கும் இடையே ஒப்பந்தக் கூலியாக வந்திருந்தால் அவருக்கு ஒரு காலனி எண் (கூலியாக வந்த ஒவ்வொருவருக்கும் தந்த பதிவு எண்) உண்டு; பழைய கல்யாணப் பதிவில் அகப்படும். அந்த எண்ணைக் கொண்டு டர்பன் ஆவணக் காப்பகத்தின் கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், ஜில்லா, தாலுக்கா, கிராமம் எல்லாம் பார்க்கலாம். வயதை நம்பவேண்டாம், குத்துமதிப்பாக எழுதியது. வட ஆற்காடு என்றிருந்தால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை நான்கிலும், 1911 வரை அதோடு சேர்ந்திருந்த ஆந்திராவின் சித்தூர்ப் பக்கத்திலும் தேடவேண்டும். சொந்தச் செலவில் வந்த வியாபாரிகள் இந்தப் பட்டியலில் இருக்கமாட்டார்கள்.

ஊர் தெரிந்ததும் அந்த மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். படையின் தலைமை மையத்தையும் கேளுங்கள்: சாப்பர் என்றால் பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியிலுள்ள வெலிங்டன். போரில் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். எகிப்திலிருந்து பர்மாவுக்குப் போயிருந்தால் ரங்கூன் நினைவகத்தையும் பாருங்கள். கல்லறையில்லாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர் அதிலுண்டு.

படத்தின் பின்னால் ‘மாமா’, ‘சின்னண்ணன்’ என்று எழுதியிருந்தால் ரத்த சொந்தம் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். ஒரே ஊர்க்காரனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கிராமமும் தகப்பன் வழியும் இரண்டும் பொருந்தினால் மட்டும் குடும்ப மரத்தில் பெயரை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் பென்சிலில் எழுதி வையுங்கள்.