பிரஷர் எனக்குக் கட்டுக்குள் வந்த விதம்

தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. ஆனால் பிரஷர் 160/100. இந்த நோயின் வில்லங்கமே அதுதான். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே ரத்தக்குழாய்ச் சுவர் இறுகும், இதயத்தின் இடது கீழறை தடிக்கும், சிறுநீரகமும் விழித்திரையும் கெடும். பக்கவாதம் வந்த பிறகுதான் சிலருக்கு விஷயமே தெரியவருகிறது.

டாக்டர் மாத்திரை எழுதினார். ஒழுங்காகச் சாப்பிட்டும் வீட்டுக் கருவியில் எண் இறங்கவில்லை. சிக்கல் கையில் சுற்றும் பட்டையில் இருந்தது. என் புஜத்துக்கு அது சிறியது. சிறிய பட்டை அளவைக் கூட்டித்தான் காட்டும். பெரியதாக வாங்கினேன். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் தாங்கி, 5 நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு அளப்பேன். காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு தடவை அளந்து ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். அந்த நோட்டை வைத்துத்தான் டாக்டர் மருந்தின் அளவை முடிவு செய்தார்.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள். சோடியம் உடம்பில் தண்ணீரைத் தேக்கி ரத்தத்தின் அளவைக் கூட்டிவிடும். நடைப்பயிற்சியும் உண்டு, எனக்கென்னவோ உப்பைக் குறைத்ததுதான் கூடுதலாகக் கைகொடுத்தது என்று படுகிறது.

இப்போது வீட்டில் 135/85-க்குக் கீழே நிற்கிறது. “இனி மாத்திரையை நிறுத்தலாமா?” என்று டாக்டரிடம் கேட்டேன். “இறங்கியதில் பாதி மாத்திரையால்தான்” என்றார். தொடர்கிறேன்.