கண்மாய் தூர்வாருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 60 விழுக்காட்டுக்கும் மேல் பொய்த்த பிறகு, கண்மாய்களைத் தூர்வார ஊர்தோறும் இளைஞர் குழுக்கள் கிளம்பின. அந்த ஆர்வம் இன்றும் குறையவில்லை, தவறுகளும் மாறவில்லை. ஆக்கிரமிப்பு, குப்பை ஆகியவை எவரும் அறிந்தவை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

அளவுக்கு மீறித் தோண்டுவது

பொக்லைன் வந்து இறங்கியதும் ஆழத்தின் மேல் ஆசை பிறந்துவிடுகிறது. வயலுக்கு நீர் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் நீர் ஒரு சொட்டும் தானாக வயலுக்குப் பாயாது. டீசல் என்ஜின் வைத்து இறைத்தால்தான் உண்டு. சிவகங்கைப் பக்கத்து ஊர் ஒன்றில் வண்டலை எடுத்த பின்னும் நிறுத்தாமல், நீரைத் தாங்கி நின்ற களிமண்ணையும் சேர்த்து வாரிவிட்டார்கள். குழியின் பக்கவாட்டில் மேலே கறுத்த வண்டல், அதன்கீழே பிசுபிசுத்த சாம்பல் நிறக் களி, அதற்கும் கீழே மஞ்சள் மணல் என மூன்று பட்டைகள் தெளிவாகத் தெரிந்தன. மணலைக் கண்டதும் வண்டியை நிறுத்தியிருக்க வேண்டியவர்கள், அந்த மணலுக்கும் விலை பேசினார்கள். கார்த்திகையில் நிரம்பிய கண்மாய், கதிர் பால் பிடிக்கும் தறுவாயில், பொங்கலுக்கு முன்பே வற்றிப்போனது. கைவைக்காத பக்கத்துக் கண்மாயில் மாசி வரை நீர் கிடந்தது. அதே குழு இன்று வேறு ஊர்களில் எத்தனை அடி தோண்டினோம் என்று பெருமை பேசுவதைக் கேட்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கிணறுகளில் நீர் ஊறட்டுமே என்பார்கள். அதுதான் நோக்கமென்றால் தனியே கசிவுநீர்க் குட்டை வெட்டிக்கொள்ளலாம். நெல்லுக்குப் பாயும் கண்மாயின் அடியை உடைக்க வேண்டியதில்லை. வண்டி இறங்குமுன் நாலைந்து இடங்களில் சோதனைக் குழி வெட்டி வண்டலின் கனத்தைப் பாருங்கள். மடையின் அடிமட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கரையின் அடிவாரத்தில் மண் எடுக்கவே எடுக்காதீர்கள்.

வரத்துக்காலை மறப்பது

கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் கால்வாய்தான் வரத்துக்கால். அது தூர்ந்து கிடந்தால் கண்மாய்க்கு நீர் வந்து சேராது. தூர்வாருவதென்றால் முதலில் வரத்துக்கால், பிறகுதான் கண்மாய்.

கலுங்கை உயர்த்துவது

வறட்சிக்கு அஞ்சி, மிகுதி நீர் வழிந்து வெளியேறும் கலுங்கின் மேல் மணல்மூட்டை அடுக்குபவர்கள், வறண்ட ஆண்டை அடுத்தே பெருமழையும் வரக்கூடும் என்பதை எண்ணுவதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தூத்துக்குடி மாவட்டத்தில் குளங்கள் பல உடைந்தன. மிகுதி நீர் கலுங்கைத் தாண்டி மறுகால் வழியே போகாவிட்டால் கரையை உடைத்துக்கொண்டு போகும்.

சீமைக்கருவேலத்தை வெட்டுவது

வெட்டினால் மீண்டும் தழைக்கும், வேரோடு எடுங்கள். கரையில் நிற்பதைப் பிடுங்கினால், அந்தப் பள்ளத்தில் மண் கொட்டி நன்றாக இடித்து மூடுங்கள்.